ஸ்ரீரங்கத்தில் நான் செய்யாத கொலை

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர் ஒருவரை நான் கொன்றுவிட்டேன் என்று ஒரு நாள் காலையில் முழு மனதோடு நம்பினேன். ஆயுதம், ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர். விற்றது நான், பூட்டியது நான், கயிற்றை இழுத்து உயிர் கொடுத்ததும் நான். காவிரிப் பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டே மறுநாள் பேப்பரில் வரப்போகும் தலைப்பைக்கூட யோசித்து முடித்திருந்தேன். தலைப்புக்குக் கீழே என் படம் வரும், அன்றைக்குப் பார்த்து ஷேவ் செய்யவில்லையே என்ற கவலையும் கூடவே வந்தது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், நான் வேலை பார்த்த கடையின் இன்றைய பையன்கள். மன்னார்புரத்தில் ஜெனரேட்டர் விற்று, பொருத்தி, சர்வீஸும் செய்து தரும் கடை அது. இடுப்பில் டிஸ்க் நகர்ந்ததால் ஐம்பத்து நாலு வயதிலேயே அங்கிருந்து விலகினேன். விருப்ப ஓய்வு என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன், விருப்பம் இடுப்பினுடையது. போன மாதம் கடைப் பக்கம் போனபோது சர்வீஸ் பையன் ஒருவன் கையடக்கமான மீட்டர் ஒன்றைக் காட்டினான். ஜெனரேட்டர் புகையில் இருக்கும் விஷவாயு வீட்டுக்குள் வந்தால் அது கத்துமாம். “அண்ணே, அந்தக் காலத்துல இது இல்லாம எப்படிண்ணே பாத்தீங்க?” என்று கேட்டான். அந்தக் காலம் என்று அவன் சொன்னது கொரோனாவுக்குச் சற்று முந்தைய வருஷங்களை. “மூக்கால பாத்தோம்பா” என்றேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது.

நான் தொழில் கற்ற கதை சுருக்கமானது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பு. பிறகு பாலக்கரையில், எங்கள் கோயில் தெருவுக்குப் பின்னால், மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் சில வருஷம். அங்கே ஷாக் அடித்துக் கற்றது பாதி, திட்டு வாங்கிக் கற்றது மீதி. அதற்குப் பிறகுதான் இந்தக் கடை. சர்வீஸ் பொறுப்பில் இருந்தவர் கனி பாய். அப்துல் கனி என்பது முழுப்பெயர், அதை அவர் வீட்டிலாவது யாராவது சொல்வார்களா என்பது சந்தேகம்.

கனி பாய்க்குக் கோபம் வந்தால் குரல் உயராது. எதிரே உட்கார வைப்பார். “டீ குடிச்சியா செபாஸ்டினு?” என்பார். இல்லை என்றால் டீ வரும், குடித்தேன் என்றாலும் இன்னொரு டீ வரும். அதைக் குடித்து முடிக்கும்வரை பேச மாட்டார். பிறகு, “இப்ப ஆரம்பத்துலேர்ந்து சொல்லு” என்பார். நாம் சொல்லிக்கொண்டே போவோம். தப்பு செய்த இடம் வந்ததும் நம் குரலே இறங்கிவிடும். அங்கே கையைத் தூக்கி, “அது போதும்” என்பார். இருபது வருஷத்துக்கு மேல் அவரிடம் வேலை பார்த்தேன். ஒருநாள்கூட என்னைத் திட்டியதில்லை. ஆனால் யாராவது டீ நீட்டினால், என்ன தப்பு செய்தேன் என்றுதான் இன்றைக்கும் முதலில் யோசிப்பேன்.

வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கணக்குச் சொல்வார்கள். விளக்கு இத்தனை, ஃபேன் இத்தனை, டிவி, ஃப்ரிட்ஜ். மோட்டாரைச் சொல்ல மாட்டார்கள். மோட்டார் வெளியே கிணற்றடியில் கிடக்கிறது, அவர்கள் மனசில் அது வீட்டுச் சாமான் இல்லை. அதனால் கனி பாய் “மோட்டார் இருக்கா?” என்று கேட்கவே மாட்டார். “வீட்ல தண்ணி எப்படிங்க மேல ஏறுது?” என்று கேட்பார். ஜீயபுரத்தில் ஒரு வாழைத் தோட்டக்காரர் வீட்டுக்கு நான் தனியாகப் போனபோது இந்தக் கேள்வியை மறந்தேன். பெண்ணுக்கு நிச்சயதார்த்தம், ஊரே கூடத்தில் இருக்கிறது, தட்டு மாற்றும் நேரத்தில் கரண்ட் போனது. நம் மெஷின் ஜம்மென்று ஏற்றுக்கொண்டது, நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அதே நேரம் சமையல்காரர் தண்ணீர் வேண்டுமென்று பின்னால் மோட்டாரைப் போட்டார். மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். நம் மெஷின் ஒரு முக்கு முக்கி நின்றது. இருட்டில் ஒரு பெரியவர், “மாப்பிள்ளை மொகத்தப் பாத்துட்டுக் கண்ண மூடிடுச்சோ?” என்றார். மோட்டாரை நிறுத்தி மறுபடி கிளப்பும்வரை என்னை யாரும் அடிக்காததற்குக் காரணம், அந்தப் பெரியவரைவிடப் பெரிய ஜோக்காக நானும் சொல்லிக்கொண்டே இருந்ததுதான். மறுநாள் டீ வந்தது.

இன்னொரு தடவை உறையூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர் ஒன்றைப் பார்த்தோம். கரண்ட் போனால் ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவரிலும் சொருகிக்கொள்வார்களாம். வெளி லைனையும் நம் லைனையும் பிரிக்கிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கிடையாது. மெயினை ஆஃப் செய்ய மறந்தால் நம் வீட்டுக் கரண்ட் தெருக் கம்பிக்குப் போய்விடும். வீட்டுக்காரர் பெருமையாகக் காட்ட, கனி பாய் ஒயரைக் கையில் வாங்கினார், பாராட்டுகிற மாதிரித் தலையை ஆட்டினார், பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து நடுவில் நறுக்கென்று வெட்டிவிட்டுச் சொன்னார்: “கம்பத்துல ஏறுறவனுக்கும் வீடு வாசல் இருக்குங்க.” அந்த வீட்டில் எங்களுக்கு டீ கிடைக்கவில்லை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

இனி ஸ்ரீரங்கம்.

பேராசிரியர் பெயர் வரதராஜன். நான் சார் என்பேன். நுரையீரல் சுருங்கிப்போய், மூக்கில் குழாயோடு வாழ்ந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜ் போல உறுமிக்கொண்டிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயந்திரம்வரை கரண்டை நிறுத்துவார்கள். வீட்டிலிருந்த பழைய இன்வெர்ட்டர் விளக்குக்கும் ஃபேனுக்கும்தான் தாங்கும். மூலையில் ஒரு சிலிண்டர் உண்டு, ஆனால் ஒரு முழுப் பகலுக்கு அதை நம்ப முடியாது. சாருடைய மனைவி, மாமி, கடைக்கு வந்து சொன்னது ஒரே வாக்கியம்: “கரண்ட் போனா எங்காத்துல மூச்சும் போயிடறது, அதுக்கு ஒண்ணு குடுங்கோ.” கனி பாய் அப்போதே எழுந்து சட்டைப் பையில் டெஸ்டரைச் சொருகிக்கொண்டார்.

அந்த வீடு இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிய நீள வீடு. வாசலில் நின்றால் கொல்லை தெரியும். கூடத்தை ஒட்டி சாரின் அறை, அதற்குப் பக்கத்தில் பெருமாள் அறை, பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் கொல்லை. ஜெனரேட்டரை வைக்கக் கொல்லையை விட்டால் இடமில்லை. ஆனால் கொல்லையில் தும்மினால் வாசலில் கேட்கும், காற்று அப்படி ஒரே நேர்கோட்டில் ஓடும் வீடு.

இங்கேதான் கனி பாயின் ஊதுபத்தி வருகிறது. ஜெனரேட்டர் புகையில் நம் கண்ணுக்குத் தெரிவதும் நாறுவதும் பெரிய ஆபத்தில்லை. கூடவே நிறமும் வாசனையும் இல்லாத ஒரு வாயு வரும், ஆளைத் தூங்க வைத்து அப்படியே எழுப்பாமல் விட்டுவிடும். அதை முகர முடியாது. எனவே முகர முடிகிற ஒன்றை அது போகிற வழியில் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பது அவர் முறை. புகைக்குழாய் வரப்போகிற இடத்தில் ஊதுபத்தியைக் கொத்தாக ஏற்றுவார். பிறகு ஒவ்வொரு அறையாகப் போய், மூலையில் நின்று, கண்ணை மூடி மூச்சை இழுப்பார். வாசனை வந்தால் அந்த இடம் ஆகாது. அதற்கு முன் ஒரு கேள்வி உண்டு: “உங்க வீட்ல சாமிக்கு என்ன ஏத்துவீங்க?” வீட்டு வாசனை எதுவோ, அது இல்லாத வேறொன்றை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு ஏமாந்துவிடும்.

“எங்காத்துல சாம்பிராணி தூபம் மட்டும்தான். கடைப் பத்தியெல்லாம் பெருமாளுக்குக் காட்டறதில்லை” என்றார் மாமி.

கனி பாய் தாழம்பூ ஊதுபத்தியை எடுத்தார். ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்தது. கொல்லைக் கோடியில் ஏற்றினோம். சாரின் அறையில் கனி பாய் கண்ணை மூடி நின்றபோது சார் கேட்டார்: “என்ன பாய், உங்களுக்கும் மூச்சு வாங்கறதா?”

“வாசனை வருதான்னு பாக்குறேன் சார். வரலை. வராம இருக்குறதுதான் நல்லது.”

தகரக் கூரை போட்டு, புகைக்குழாயைப் பின்மதிலுக்கு மேலே நீட்டி, சேஞ்ச்ஓவர் வைத்து, தனியாக எர்த் அடித்து, வேலை முடிந்தது. மீதிப் பத்திப் பாக்கெட்டை நான் சமையல்கட்டு ஜன்னலில் வைத்தேன், அப்படியே விட்டுவிட்டு வந்தேன். கிளம்பும்போது கனி பாய் மாமியிடம் சொன்னார்: “இது ஆடிக் காத்துங்கம்மா. ஐப்பசியில காத்து திரும்பும். முதல் தடவை முழு நாள் ஓட்டும்போது நம்ம ஆளு வந்து மறுபடி பாப்பாரு.” நம்ம ஆளு என்றால் நான்.

ஐப்பசியில் அந்த நாள் வந்தது. காலையிலேயே போனேன். கொல்லையில் தாழம்பூவைக் கொத்தாக ஏற்றிவிட்டுச் சாரின் அறைக்கு வந்தேன். மூலையில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுக்க வேண்டும், அதுதான் வேலை. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஏனென்றால் சாரும் என் ஜாதி, ஜோக் ஜாதி. கணக்கு வகுப்பில் தூங்கினவர்களைப் பற்றி அவர் ஒன்று சொன்னார், கரண்டு ஆபீசைப் பற்றி நான் ஒன்று சொன்னேன். நடுவில் சார் மூக்கை உறிஞ்சினார்.

“என்ன ஓய், இன்னிக்கு ரூமே மணக்கிறதே?”

“நான் வந்திருக்கேன்ல சார். புது பவுடர்” என்றேன்.

இருவரும் சிரித்தோம். அதற்குள் கரண்ட் போனது. மாமி பழகின கையால் குழாயைச் சிலிண்டருக்கு மாற்றினார், நான் ஓடிப்போய் ஜெனரேட்டரைக் கிளப்பி சேஞ்ச்ஓவரைத் திருப்பினேன், அறையில் ஆக்ஸிஜன் மெஷின் மறுபடி உறுமியது, குழாய் திரும்ப அதற்கு வந்தது. எல்லாம் கச்சிதம். மாமி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, அடுத்த வேலைக்குக் கிளம்பினேன்.

காவிரிப் பாலத்தின் நடுவில் அது உறைத்தது. நான் பவுடரே போடுவதில்லை. அந்த அறையில் மணந்தது தாழம்பூ.

தாழம்பூ வந்த வழியில்தான் இப்போது புகையும் வந்துகொண்டிருக்கிறது. பாலத்தில் வண்டியைத் திருப்ப முடியாது, அக்கரை போய்த்தான் திரும்ப வேண்டும். ஓரமாக நிறுத்தி மாமிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. எடுக்க ஆள் இருந்தால்தானே எடுப்பார்கள் என்று தோன்றியது. கனி பாய்க்கு அடித்தேன்.

“பாய், ஸ்ரீரங்கத்துல ரூமுக்குள்ள தாழம்பூ வாசனை வந்துச்சு பாய். நான் கவனிக்காம மெஷினைப் போட்டுட்டு வந்துட்டேன்.”

டீயைப் பற்றிக் கேட்கவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு, விஷயம் பெரிசு. “திரும்பிப் போ. முதல்ல சிலிண்டருக்கு மாத்து. ஆளை வாசலுக்குக் கொண்டுவா. அப்புறம் மெஷினை நிறுத்து. ஆளு முதல்ல, மெஷினு அப்புறம். சொல்லு?”

“ஆளு முதல்ல, மெஷினு அப்புறம்.”

“நானும் வரேன்.”

திரும்பும்போது நான் செய்த வேண்டுதல்களுக்குக் கணக்கில்லை. வேளாங்கண்ணி மாதாவுக்கு என் உயரத்துக்கு மெழுகுவர்த்தி. சமயபுரத்து அம்மனுக்கு மொட்டை. எனக்கு ஏற்கெனவே வழுக்கை, அம்மனுக்கு அதில் பெரிய லாபம் இல்லை என்று நினைவு வந்து மீசையையும் சேர்த்துக்கொண்டேன். கோபுரம் தெரிந்ததும், “ரங்கநாதா, உங்க ஏரியா ஆளுதான், நீங்களே பாத்துக்கங்க” என்றேன். மாம்பழச் சாலையில் ஒரு பஸ்காரர் என்னைப் பற்றிச் சொன்னது எழுத்தில் வராது.

வீட்டு வாசல் திறந்திருந்தது. ஹெல்மெட்டோடு உள்ளே ஓடினேன். சார் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடி, வாயைச் சற்றுத் திறந்து, அசையாமல் இருந்தார். அவ்வளவுதான், ஆளு முதல்ல, மெஷினு அப்புறம் என்று வழியெல்லாம் ஜபித்துக்கொண்டு வந்தவன் நேராகக் கொல்லைக்கு ஓடி மெஷினை நிறுத்தினேன்.

வீடு நிசப்தமானது. அந்த நிசப்தத்தில் சாரின் அறையிலிருந்து கீ கீ என்று அலாரம் கேட்டது. ஆக்ஸிஜன் மெஷின் தனக்குக் கரண்ட் இல்லை என்று கத்துகிறது. திரும்பி ஓடினேன். சார் கண்ணைத் திறந்திருந்தார். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. பெருமாள் அறையிலிருந்து வந்த மாமி சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினார். தோள்கள் மெதுவாகத் தணிந்தன. அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“நன்னா ஓடிண்டிருந்ததே, ஏன் நிறுத்தினேள்?”

“மாமி, போன் அடிச்சேன், எடுக்கலையே.”

“இந்தச் சத்தத்துல எங்கே கேக்கறது?”

அதற்குள் நான் மண்டியிட்டு அறையின் மூலை மூலையாக முகர்ந்துகொண்டிருந்தேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என் வியர்வைதான் மணந்தது.

“தொப்பியைக் கழட்டிட்டு மோந்து பாரும் ஓய்” என்றார் சார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார், ஆனாலும் சொன்னார்.

சாரை நாற்காலியோடு தூக்கினேன். என் இடுப்பு டிஸ்க் நகர ஆரம்பித்த தேதியை டாக்டர் கேட்டால் அதைத்தான் சொல்வேன். “இந்த வேஷ்டியோடயா வாசலுக்கு?” என்று சார் மட்டும் ஆட்சேபித்தார். மாமி சிலிண்டரை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்து, “சார் எங்கயாவது ஊருக்கா?” என்று கேட்டார். “இப்போதைக்கு இல்லை” என்றார் சார்.

கனி பாய் வந்து சேர்ந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. சாருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “தலை வலிக்குதாங்க? கிறுகிறுன்னு இருக்கா? குமட்டுதா?” இல்லை, இல்லை, இல்லை. விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவியை மாமி நீட்டினார். “அது இந்தப் புகையைக் கண்டுபிடிக்காதுங்கம்மா, ஆளைத்தான் கேக்கணும்” என்றார் கனி பாய். “அப்படின்னா அவர் விரல்ல மாட்டு” என்று சார் என்னைக் காட்டினார். மாட்டினார்கள். அதில் வந்த நாடித்துடிப்பைப் பார்த்து, “இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ, நான் இங்கேயே இருக்கேன்” என்றார் சார்.

பிறகு கனி பாய் எல்லா ஜன்னலையும் திறந்து வீட்டுக்குள் இருந்த வாசனை முழுக்கப் போகும்வரை காத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து மல்லிகை ஊதுபத்தியை எடுத்தார். ஜன்னல்களைக் காலையில் இருந்த மாதிரியே வைத்தார். கொல்லையில் புகைக்குழாய் முனைக்கே ஏணி வைத்து ஏறி அதே உயரத்தில் ஏற்றினார். சாரின் அறைக்கு வந்து மூலைக்கு மூலை நின்று கண்ணை மூடினார். கூடத்தில், சமையல்கட்டில், மறுபடி அறையில். நான் வாசலில் சாரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்காலிக்குச் சக்கரம் கிடையாது, அது எங்கும் ஓடாது. என்னை நிற்க வைக்கத்தான் அது.

கனி பாய் வெளியே வந்தார்.

“ஒரு பொட்டு வரலை. ஐப்பசிக் காத்து மதிலுக்கு அந்தப் பக்கம் எடுத்துட்டுப் போவுது. இடம் சரியான இடம்தான்.”

“அப்ப காலையில அந்த ரூம்ல தாழம்பூ மணந்துச்சே பாய். சாரும் சொன்னாரே.”

“ஆமா, மணந்தது” என்றார் சார்.

மாமி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அதுவா? அன்னிக்கு ஜன்னல்ல ஒரு பாக்கெட்டை விட்டுட்டுப் போனேளே. ரொம்ப நன்னா இருந்தது வாசனை. இன்னிக்கு முதல் நாள் மெஷின் ஓடப்போறது, நல்லபடியா ஓடணுமேன்னு அதுலேர்ந்து ரெண்டு எடுத்துப் பெருமாளுக்கு ஏத்தினேன். ஏன், ஏத்தக்கூடாதா?”

கனி பாய் மல்லிகைப் பாக்கெட்டைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு, “தாராளமா ஏத்துங்கம்மா” என்றார். என் பக்கம் திரும்பி, “டீ குடிச்சியா செபாஸ்டினு?” என்றார். அந்த ஒரு தடவைதான் அந்தக் கேள்வியைக் கேட்டு எனக்கு அழுகை வரும்போல் சந்தோஷம் வந்தது. மாமி காபி என்றார், கனி பாய் காபி என்றாலும் பரவாயில்லை என்றார். சாரை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்து, மெஷினைக் கிளப்பி, குழாயை மாற்றினோம். இந்தத் தடவை வரிசை தப்பவில்லை. சாயந்திரம் கரண்ட் வரும்வரை நான் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. சார் என் பவுடரைப் பற்றி இருட்டும்வரை பேசினார்.

மீட்டர் வைத்திருக்கும் பையனுக்கு நான் சொல்லாமல் வந்த மீதி இதுதான். அன்று முழுவதும் அந்த வீட்டுக்குள் ஜெனரேட்டர் புகை வரவே இல்லை. சாரின் மூச்சு திணறியது ஒரே ஒரு தடவை, அவரைக் காப்பாற்ற நான் மெஷினை நிறுத்தியபோது.